சொப்புல யார் பேரு?

சீசனுக்கு ஐந்தருவி கிளம்பிட்டீங்களா? பேரருவியில இருந்து 5 கிலோமீட்டர்தான். குளிச்சு முடிச்சு, சூடா பஜ்ஜியும் உள்ளே போனதும், கடைகள் பக்கம் ஒரு ரவுண்டு வாங்க. பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நடுவுல மரச் சொப்பு சாமான் கண்ணுல படுதான்னு தேடுங்க. அம்பாசமுத்திரத்துச் சரக்கு அது. கடைசல்ல மரம் சுத்தும்போதே அரக்கை வெச்சு அழுத்துவாங்க. உரசுற சூட்டுலேயே வண்ணம் உருகி ஒட்டிக்கும்.

பாட்டி விளையாடின செட் பரணில் கிடக்குதா? விடாதீங்க! அடுப்பு, பானை, உரல், உலக்கை எல்லாம் முழுசா இருக்கா, மூடி கச்சிதமா உட்காருதா, அரக்குப் பூச்சு அசலான்னு பாருங்க. 'புதுசாக்குறேன்'னு பெயின்ட் அடிச்சீங்க, மதிப்பு காலி!

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கிளவுஸ் சேர்க்கிறவங்களும் இப்படித்தான் பார்ப்பாங்க. ஆனா அவங்களுக்கு ஒரு வசதி. தோலிலேயே கம்பெனி முத்திரை, ஆட்டக்காரர் பேர் எல்லாம் இருக்கும். 1920-களின் ராலிங்ஸ் 'பில் டோக்' கிளவுஸ் அப்படித்தான் அடையாளம் தெரியுது. நம்ம சொப்பைக் கடைஞ்சவர் பேர் அதுல எங்கேயும் இல்லை. பேர் தெரியாததாலதான் கூசாம பேரம் பேசுறோம்.

வாங்கும்போது செஞ்சது யாரு, என்ன மரம்னு கேளுங்க. வருஷத்தோட ஒரு சீட்டுல எழுதிப் பெட்டிக்குள்ள போடுங்க. உங்க பேத்தி திறக்கும்போது, சொப்போட அந்தப் பேரும் கிடைக்கும்!