ஓப்பீர் கணக்கு

மயிலாப்பூர்க்காரனுக்கு மயில் என்றாலே ஒரு உரிமை வந்துவிடும். பைபிளில் சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் மயில் வந்தது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கப்பல் போன ஓப்பீர் என்ற ஊர், நம்ம திருநெல்வேலிப் பக்கத்து உவரிதான் என்று ஒரு கட்சி உண்டு. எபிரேயத்தில் மயிலுக்கு 'துக்கி'. அது நம்ம 'தோகை'தான் என்று கால்டுவெல்லே தன் ஒப்பிலக்கணத்தில் எழுதியிருக்கிறார். புல்லரிக்கத்தான் செய்தது.

ஆனால் காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? வசனங்களை வவுச்சர் மாதிரி எடுத்து டிக் அடித்துப் பார்த்தேன். ஓப்பீர் தங்கம் 1 இராஜாக்கள் 9:28-ல் 420 தாலந்து. 2 நாளாகமம் 8:18-ல் 450. (ஆடிட்டிங் பரீட்சையில் இப்படி எழுதினால் தெரியும் சேதி!) அதையாவது விடலாம். 10:11-ல் ஓப்பீரிலிருந்து வந்தவை தங்கம், வாசனை மரம், ரத்தினம். மயில் வருவது 10:22-ல், தர்ஷீஸ் கப்பலில். அது வேறு லோடு! 'துக்கி' மயிலே இல்லை, குரங்கு வகை என்பவர்களும் இருக்கிறார்கள். உவரி மேல் எனக்கும் ஆசைதான். அதற்காக அடுத்த கப்பல் மயிலை ஓப்பீர் கணக்கில் வரவு வைக்க முடியுமா?

பைபிளுக்கு வெளியே ஓப்பீர் பெயர் இருப்பது, டெல் அவிவ் நகரில் டெல் கசீலே மேட்டில் கிடைத்த ஒரு பானை ஓட்டில். சுமார் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. ஓப்பீர் தங்கம், பெத்தொரோனுக்கு, 30 சேக்கல். சரக்கு, போகும் இடம், எடை என்று அச்சு அசல் டெலிவரி சலான். ஓப்பீர் எந்தத் திசையில் என்று மட்டும் அந்தக் குமாஸ்தா எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த ஊர், எதற்கு எழுதப் போகிறார்?