ரத்தத்தின்மேல் போட்ட பழி

பிறப்பைச் சொல்லியே எங்களை ஒதுக்கிவைத்த ஊரில், பிள்ளை செத்தாலும் பழி எங்கள் ரத்தத்தின்மேல்தான்.

அக்காவுக்கு நிறைமாதத்தில் பிறந்த ஆண்பிள்ளை. நல்ல எடை, நல்ல அழுகை. மறுநாளே உடம்பு நீலம் பாரித்தது. நாலாம் நாள் இல்லை. "உங்க சனம் சொந்தத்துலயே கட்டிக்கும், அதான்" என்றார் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா. அக்கா கட்டியது அத்தை மகனைத்தான். பல சாதியிலும் உள்ள வழக்கம். கெட்ட பேர் எங்களுக்கு மட்டும்.

எடுத்துவைத்த நுரையீரல் திசுவையும் மரபணுவையும் சோதித்தபின் காரணம் தெரிந்தது. 16ஆம் குரோமோசோமில் ஃபாக்ஸ் எஃப் 1 என்றொரு மரபணு. கருவில் நுரையீரலுக்குள் ரத்தக்குழாய்கள் வளர அது வேண்டும். அது கெட்டால் இந்த நோய் வருமென்று 2009இல்தான் கண்டறிந்தார்கள். காற்றறைகளை ஒட்டி ஓடவேண்டிய நுண்குழாய்கள் குறைந்து, விலகிப்போகும். சிரைகள் இடம்மாறிக் கிடக்கும். வயிற்றுக்குள் தொப்புள்கொடி வழியே தாய் மூச்சே பிள்ளைக்குப் போதும், குறை தெரியாது. கொடியை அறுத்தபின் காற்று உள்ளே போகும், ரத்தத்தில் சேராது.

இந்த மரபணு எல்லோருக்கும் இரண்டு உண்டு, தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. ஒன்று கெட்டாலே நோய்தான். பெரும்பாலும் அது பெற்றவர்களிடம் இருப்பதில்லை, பிள்ளையிடம் புதிதாக உண்டாவது. அக்கா ரத்தத்திலும் இல்லை, மாமா ரத்தத்திலும் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் வேறு உண்டு, இது அதில்லை.

மற்றவர் பிள்ளை செத்தால் நோயைத் தேடுகிறார்கள். எங்கள் பிள்ளை செத்தால் சாதியைத் தேடுகிறார்கள். என்ன நோய் என்று எழுதிக் கொடுங்கய்யா என்று கேட்போம். அது நம் உரிமை.