துண்டு போட்ட இடம்

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது நம் ஊர் வழக்கம். கல்யாண வீட்டில் துண்டுகூட வேண்டாம். பந்தியில் ஒருவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் போதும். இந்த இரண்டு வித்தையிலும் எனக்கு ஓரளவு தேர்ச்சி உண்டு. ஆகையால், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அறுபது நாள் முன்பே இடம் பதிய வேண்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் என் மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சிரிக்காதீங்கப்பா. ஊரில் ரயிலுக்கு எத்தனை நாள் முன்னாடி டிக்கெட் எடுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நம் ரயிலில் 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில்தான் 60 நாளாகக் குறைத்திருந்தார்கள்.

அவள் சொன்ன இடம் புளோரிடாவில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில், 1971-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு. அங்கே இப்போது நான்கு பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. மூத்தது மாஜிக் கிங்டம். அங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காகிதத் தட்டில் வாங்கி நின்றபடியே தின்ன எத்தனையோ கடைகள் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார வைத்து, பரிமாறுகிறவர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்கும் விடுதியில் சாப்பிட வேண்டுமானால் பெயரைப் பதிந்தாக வேண்டும். என் பேத்திக்கு வயது ஏழு. அவளுக்கு நாற்காலிதான் வேண்டுமாம்.

2025 ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை, நியூ ஜெர்சியில் மகள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் சமையலறையில் விளக்கு எரிவதைப் பார்த்தேன். கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குத்தான் அன்றைய பதிவு திறக்குமாம். அந்த நிறுவனத்தின் ஹோட்டல்களிலேயே அறை எடுத்தவர்கள், பத்து நாள் வரை, தங்கப்போகும் நாட்கள் அத்தனைக்கும் முதல் நாளன்றே பதிந்துவிடலாம். எங்களைப்போல் வெளியே தங்குகிறவர்களுக்கு அவர்கள் எடுத்தது போக மிச்சம். ஆறு அடித்தது. அவள் விரல்கள் ஓடின. சற்று நேரம் கழித்து, "கிடைச்சுடுச்சுப்பா! அஞ்சு பேருக்கு, பன்னிரண்டு நாற்பதுக்கு" என்றாள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றுகூட ஒரு பெண் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். பிறகு, 'ஒருவர் சைவம்' என்று குறிப்பு எழுதினாள். அந்த ஒருவர் நான்தான்.

மார்ச்சில் போனோம். இனி நடந்ததற்குக் குற்றவாளி நான் ஒருவனே.

அந்தப் பூங்காவைச் சுற்றி ஒன்றரை மைலுக்கு ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. விளையாட்டு ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு எஞ்சின்களும் பிலடெல்பியாவில் பால்ட்வின் தொழிற்சாலையில் 1916-க்கும் 1928-க்கும் இடையே செய்யப்பட்டு, மெக்ஸிகோவின் யுகடான் பிரதேசத்தில் நிஜமாகவே உழைத்தவை. நீராவி எஞ்சினின் கூவலைக் காதால் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! பேரனைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம். இறங்க மனம் வரவில்லை. இரண்டாவது சுற்றும் போனோம். போனில் மகள் கூப்பிட்டது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னேன். அது முக்கால் உண்மை.

விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. எங்கள் மேஜையில் வேறு யாரோ சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். பதிந்துவிட்டு வராமல் போனால் ஆளுக்குப் பத்து டாலர் அபராதம். ஐம்பது டாலர், நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல்! சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்திருக்கிறேன். சாப்பிடாததற்குக் கொடுப்பது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளை, "போனால் போகிறது மாமா" என்றார். மகள் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.

பதியாமலும் அங்கே இடம் கிடைக்கும். வழிகளை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் அபராதம் கிடையாது என்பதால், அந்தக் கெடு நெருங்கும்போது பலர் இடத்தை விட்டுவிடுவார்கள். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அது அகப்படும். மூன்று மணி, நாலு மணி என்று யாருக்கும் பசிக்காத நேரத்தில் கேட்டால் கிடைக்கலாம். பூங்காவுக்குள் இருந்துகொண்டே காத்திருப்போர் பட்டியலில் போன் மூலம் பெயர் கொடுக்கலாம். ஆனால் உள்ளே கூட்டம் தளர்ந்தால்தான் பட்டியலே திறக்கும். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற நம் பழைய வித்தைதான். முதுகுக்குப் பின்னால் நம் மூச்சு படாது, அவ்வளவே வித்தியாசம்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு என்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் இவர்களுடைய முதல் பூங்கா கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17-ஆம் தேதி திறந்தபோது, அழைத்தவர்களோடு கள்ள டிக்கெட்காரர்களும் ஆயிரக்கணக்கில் புகுந்து, உணவு விடுதிகளில் பண்டமெல்லாம் தீர்ந்துபோயிற்று. எதிர்பாராத கூட்டத்தைக் கண்டு சாம்பாரில் வெந்நீர் ஊற்றிய சம்பந்தி வீடுகளை நான் அறிவேன்.

இரண்டு மணி சுமாருக்குப் பட்டியல் திறந்தது. ஐந்து பேருக்கு இல்லை. நாலு பேருக்கும் இல்லை. இரண்டு பேருக்கு உண்டு.

"நீங்களும் பாப்பாவும் போங்கப்பா" என்றாள் மகள்.

"நீயும் அவளும் போங்கள். நான் வெளியே ஏதாவது..."

"வெளியே உங்களுக்கு என்ன இருக்கு? உருளைக்கிழங்குதான். போங்க, கூப்பிடுறாங்க."

உள்ளே போனோம். வெள்ளைத் துணி நாப்கின், வெண்ணெய், சுடச்சுட ரொட்டி. நான் சைவம் என்பதைப் பரிமாற வந்த பெண்ணிடம் பேத்தியே எடுத்துச் சொன்னாள். கண்ணாடி ஜன்னல் வழியாக மகள் தெரிந்தாள். ஒரு கைப்பிடிச் சுவரில் காகிதத் தட்டை வைத்து, நின்றபடியே பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் என் மனைவி எப்போதும் கடைசிப் பந்தி. சமயத்தில் அதற்கும் பாயசம் மிஞ்சாது. அவளை ஒரு தடவையாவது முதல் பந்தியில் உட்கார வைத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"தாத்தா, அம்மா ஏன் வரலை?" என்றாள் பேத்தி.

"இடமில்லை, கண்ணு."

"அம்மாதானே புக் பண்ணினா?"

நான் ஒரு ரொட்டியை எடுத்து, வெண்ணெய் தடவி, காகிதக் கைக்குட்டையில் சுருட்டி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து மகள் கையில் கொடுத்தேன்.

"ஐயோ, இதையெல்லாம் பையில் போட்டுக்கிட்டு வரலாமாப்பா? யாராவது பார்த்தால்?" என்று கடிந்துகொண்டாள். பிறகு அங்கேயே சுவரோரம் திரும்பி நின்று, அதை முழுவதும் தின்றாள்.