கிலாஸ் பழத்தின் செந்நிறம்



மே மாதக் கடைசியில் டில்லியிலும் மும்பையிலும் பழக்கடைகளில் சிறிய அட்டைப்பெட்டிகளில் செர்ரிப் பழங்கள் வந்திறங்குவதைக் கண்டிருப்பீர்கள். பேக்கரி கேக்கின் மேல் வைக்கப்படும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரி அன்று. சர்க்கரைப்பாகில் ஊறவைத்துச் சாயமேற்றிய களாக்காய் அது. நம் நாட்டில் விளையும் மெய்யான செர்ரியில் மிகப் பெரும்பங்கு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்குள்ள மக்கள் அதைக் ‘கிலாஸ்’ என்று அழைக்கிறார்கள்.

அங்கே செல்வது முன்னைவிட இப்பொழுது எளிது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி காத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ரயில் போக்குவரத்து தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையோடு நிஷாத், ஷாலிமார் தோட்டங்களைக் கடந்து ஹார்வான் சென்றால் மலையடிவாரத்தில் செர்ரித் தோப்புகளைக் காண்பீர்கள். குல்மார்க் சாலையிலுள்ள தங்மார்க்கிலும், தெற்கே ஷோபியானிலும் தோப்புகள் உண்டு. ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்திலும், ஷோபியான் 2,000 மீட்டருக்கு மேலும் உள்ளன. தாழ்வான தோப்புகளில் மே மாதம் தொடங்கும் அறுவடை, உயரமான இடங்களில் தாமதமாகி ஜூலைவரை நீள்கிறது. மிஷ்ரி, மக்மலி, டபுள் என்பன அங்கு வழங்கும் வகைகளுள் சில.

இம்மரத்திற்குக் குளிர்காலம் இன்றியமையாதது. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் பல நூறு மணி நேரம், சில வகைகள் 1,000 மணி நேரத்திற்கும் மேல், உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆகையால்தான் நமது சமவெளியில் அது பலன் தருவதில்லை.

செர்ரியின் செந்நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் உண்டாகிறது. அவற்றோடு ஃபீனால் வகையைச் சேர்ந்த வேறு சேர்மங்களும் பழத்தில் உள்ளன. உடலின் அழற்சியைத் தணிக்க இவை துணைசெய்யக்கூடும் என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆயினும் செர்ரி உணவே தவிர மருந்து அன்று.

இச்சேர்மங்கள் எல்லாப் பழத்திலும் ஒரே அளவாய் இருப்பதில்லை. முதலாவது வகையின் வேறுபாடு: கருஞ்சிவப்பு வகைகளில் ஆந்தோசயனின் மிகுதி, மஞ்சள் சாயல் கொண்டவற்றில் குறைவு. அடுத்தது வெளிச்சம். கடும் வெயிலின் புற ஊதாக்கதிர்களிலிருந்து தன்னைக் காக்கவே மரம் இச்சேர்மங்களில் பலவற்றை உண்டாக்குகிறது. ஆகையால் கிளை நடுவே இருளில் தொங்கும் பழம் வெளுத்திருக்க, வெயில் படும் பழம் நன்றாய்ச் சிவக்கிறது. மூன்றாவது வெப்பநிலை. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் நிறமி பெருகும். இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் நிறம் மங்கும். நான்காவது முதிர்ச்சி. பறித்தபின் செர்ரி மாம்பழத்தைப்போல் பழுப்பதில்லை. இனிமையும் கிளையில் இருக்கையிலேயே நிறைய வேண்டும்.

விவசாயியின் நெருக்கடி இங்கேதான். இன்னும் சில நாள் விட்டுவைத்தால் பழம் கறுத்து இனிக்கும். ஆனால் அந்த நாட்களில் மழை பெய்தால், பழம் நீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். ஓர் இரவின் மழை ஓராண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும். அந்தப் பயத்தினால் வெளிர்சிவப்பிலேயே பறிப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறைகூறாதீர்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் கிளைகளில் தொங்குகிறது.

பிரியமானவர்களே, “துன்பம் வந்தால் கனி சிறக்கும்” என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். செர்ரி மரம் அவ்வாறு போதிக்கவில்லை. குளிர்கால உறைபனி அதற்கு நன்மை. அதே உறைபனி பூக்கும் காலத்தில் வந்தால் பூ கருகிவிடும். மண்ணின் ஈரம் மரத்தை வாழ்விக்கும். அறுவடை நேரத்து மழை கனியைப் பிளக்கும். காலமும் அளவும் அறிந்த ஒருவர் தேவை. நம்முடைய பரம தகப்பன் நமது திராணியை அறிந்தவர். தோட்டக்காரன் குளிரை ஏவுவதில்லை. ஆனால் கிளைகளைக் கத்தரித்து வெளிச்சத்திற்கு வழி திறக்கிறான். அந்த வெட்டு பகையினால் உண்டானது அன்று.

ஊரைவிட்டு நகரத்திற்கு வந்த நம்மில் பலர் கடுங்குளிரைக் கண்டவர்களே. மொழி தெரியாத தெரு, வாடகை வீடு, தொலைவிலிருக்கும் பெற்றோர். இவற்றால் ஜெபத்தில் ஆழமானவர்கள் உண்டு, உடைந்துபோனவர்களும் உண்டு. ஆகையால் இந்த மாதம் உங்கள் சபைக்குப் புதிதாய் வரும் குடும்பத்திற்குப் பிரசங்கம் செய்வதற்கு முன் ஒருவேளை உணவு கொடுங்கள். வீடு தேடவும் பள்ளியில் சேர்க்கவும் உடன் செல்லுங்கள். பூக்கும் காலத்தில் இருப்பவர்கள்மேல் உறைபனி விழாதபடி பார்ப்பது நமது கடமை.

கடைக்குப் போகும்போது பச்சைக்காம்பு வாடாத, தோல் வெடிக்காத, கருஞ்சிவப்பான பழத்தையே பார்த்து வாங்குங்கள். உண்ணும் நேரத்தில் மட்டும் கழுவி, குளிர்ச்சியில் வைத்துச் சில நாட்களுக்குள் உண்டு முடியுங்கள். முதற்பழத்தைக் கையிலெடுக்கும்போது, மழைமேகத்தைப் பார்த்து உறங்காதிருந்த அந்தக் காஷ்மீர்க் குடும்பத்திற்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்கள் இல்லத்தையும் கனியுள்ளதாக்குவாராக. ஆமென்.