பாட்டி வந்த ஊர்

ஆங்கில ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒரு பிற்பகல். கோத்தகிரியின் மூடுபனி சன்னல்வரை வந்து நின்றிருந்தது. தமிழ் கற்பிக்கும் நாம் அவ்வகுப்பை ஏற்றுக்கொண்டோம். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்னும் ரிலேட்டிவ் புரோநவுன்களே அன்றைய பாடம்.

இவை செய்யும் வேலையைத் தமிழில் பெயரெச்சம் செய்கிறது. திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். மாணவர் பலர் வீட்டில் பேசும் படுகுக்கும் இதுவே வழி. ‘தண்ணீர் எடுத்த பெண்’, ‘தண்ணீர் எடுத்த குடம்’, ‘தண்ணீர் எடுத்த கிணறு’ என எச்சம் மாறாமலே நிற்கிறது. உறவை நாமே உணர்ந்துகொள்கிறோம். ஆங்கிலமோ ‘ஹூ’, ‘இன் விச்’, ‘ஃப்ரம் விச்’ என ஒவ்வோர் உறவையும் வெளிப்படச் சொல்லியாக வேண்டும். நன்னூல் பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறாக வகுக்கிறது. நிலம் உண்டு, அது சேர்ந்த நிலமா, நீங்கிய நிலமா என்ற பிரிவு அங்கில்லை.

தமிழில் மூன்று தொடர் எழுதி ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னோம். ஒரு மாணவி ‘பாட்டி வந்த கப்பல்’, ‘பாட்டி வந்த ஆண்டு’, ‘பாட்டி வந்த ஊர்’ என எழுதியிருந்தாள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோரின் பேத்தி அவள். முதல் இரண்டுக்கும் ‘இன் விச்’ சரி. மூன்றாவதற்கு ‘ஃப்ரம் விச்’ என்றிருந்தது. சிவப்பு மையால் அடித்து ‘டு விச்’ என்று திருத்தினோம். வந்து சேர்ந்த ஊர் கோத்தகிரிதானே!

வகுப்பு முடிந்ததும் அருகே வந்தாள்.

“சார், பாட்டி கோத்தகிரிய ஊர்னு சொல்லவே மாட்டாங்க. அவங்களுக்கு ஊர்னா ஹட்டன்தான்.”

பெயரெச்சத்தின் சுருக்கமே தமிழின் அழகு என்று இருபதாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். இன்றும் அதில் ஐயமில்லை. ஆயினும் தமிழோடு நின்றிருந்தால், அந்தத் தொடரை இருவரும் படித்து, இருவேறு ஊர்களை நினைத்துக்கொண்டு, அதை அறியாமலே பிரிந்திருப்போம். நம் பிழை இலக்கணப் பிழையன்று. அவள் பாட்டிக்கு ஊர் எதுவென்று கேளாமலே முடிவு செய்ததுதான்.

நோட்டை வாங்கி ‘டு’வை அடித்து, மீண்டும் ‘ஃப்ரம்’ என்று எழுதிக் கொடுத்தோம்.