கிண்ணியாப் பாலம் முதல் மூதூர் வரை ஒரு நாயுடன்

கதிர்காமக் கொடியேற்றத்தைக் குறியாக வைத்து, வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பாதயாத்திரை புறப்படுகின்றது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, உகந்தையிலிருந்து குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமத்தை அடைய ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். 1983 இனக்கலவரத்தின் பின்னர் தடைப்பட்டுப் போன இந்த நடை 1988இல் மறுபடி தொடங்கியது. முழு வழியையும் நடப்பவர்கள் குறைவு. இடையில் சேர்ந்து, முடிந்த மட்டும் நடந்து, இடையிலேயே வீடு திரும்புவோர்தான் அதிகம்.

எனது வேலையின் வழியாகப் பழகிய சில பெண்கள் திருகோணமலையில் இந்த யாத்திரையுடன் சேரப் போவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் மட்டுமாவது அவர்களுடன் நடப்பதென்று நானும் புறப்பட்டேன். சீனக்குடாவில் தொடங்கி மூதூரில் முடியும் நடை. எங்கள் குழுவில் பத்தொன்பது பேர். அதில் பதின்மூன்று பேர் பெண்கள். கணவனை இழந்தவர்கள், காணாமல் போன மகனுக்காக நேர்த்தி வைத்தவர்கள், "வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் வெளிய நிண்டா போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவர் என்று பலவிதம். வேறு எந்தப் பயணத்துக்கும் விடாத வீட்டார், முருகன் பெயரைச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள்.

விடியற்காலை நான்கரை மணிக்கே நடக்கத் தொடங்கினோம். வலப்பக்கம் இருளில் எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடம் இது. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. 396 மீற்றர் நீளம். 2009 ஒக்டோபரில் இது திறக்கப்படும் வரை இந்த நீரைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டும். எங்களுடன் வந்த, எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, தன் மூத்த மகளைப் பெறுவதற்குத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரவில் இந்தப் பாதைக்காகக் காத்திருந்ததைச் சொன்னார். "கரையில நிண்டு கத்தினாலும் ஆருக்கும் கேக்காது பிள்ளை." பாலத்தின் நடுவில் நின்று கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.

கிண்ணியாவுக்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்கு மேல் பாலம். மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும் இடம் என்பதால் நிலமும் நீரும் பின்னிக் கிடக்கின்றன. முன்பு துறைக்குத் துறை இறங்கி ஏற வேண்டியிருந்த இந்த வழியில், பிரான்ஸ் நாட்டு உதவியுடன் கட்டிய பாலங்கள் 2011இல் திறக்கப்பட்டன. அதற்கு முன் மூதூரார் அநேகமாக லோஞ்சிலேயே குடாவைக் கடந்து நகரத்துக்கு வந்து போனார்கள்.

உப்பாற்றுப் பாலத்தடியில்தான் அந்த நாய் எங்களுடன் சேர்ந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது, மெலிந்த உடம்பு. ஒருவர் போட்ட பிஸ்கட்டைத் தின்றுவிட்டு முன்னால் ஓடியது, நின்று திரும்பிப் பார்த்தது, நாங்கள் கிட்ட வந்ததும் மறுபடி ஓடியது. "பைரவர் வழி காட்ட வந்திட்டார்" என்றார் வேல் தாங்கி முன்னே நடந்த ஐயா. பாதயாத்திரையில் தெருநாய்கள் சேர்ந்து கொள்வது புதிதல்ல. வைரவருக்கு நாய் வாகனம் என்பதால் அதை யாரும் விரட்டுவதுமில்லை. தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் மறுத்த கதையும் எல்லாருக்கும் தெரியும். ஐயா அதையும் சொன்னார்.

நாய் வந்த பிறகு பெண்களின் நடை மாறியதை நான் கவனித்தேன். அதுவரை கூட்டமாகவே ஒட்டி நடந்தவர்கள், இரண்டு மூன்று பேராகப் பிரிந்து பேசிக்கொண்டு நடந்தார்கள். பற்றைக்குள் ஒதுங்கப் போன ஒருத்திக்குக் காவலாக நாயும் போனது. இதை எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த நீண்ட வழியில் பெண்களுக்குப் பெரிய தொல்லை கால்வலியல்ல, மலசலகூடம் இல்லாமைதான். தண்ணீர்ப்பந்தல் போடும் அன்பர்களும் பிரதேச சபைகளும் இதை யோசிக்க வேண்டும். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடித்து மயங்கி விழும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கெல்லாம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. நெருப்பை வாரி முகத்தில் எறிவது போன்ற காற்று. தார் வீதி கொதித்தது. நாய் காலை மாற்றி மாற்றித் தூக்கி, பிறகு வீதியை விட்டுப் புல்லோரமாக நடந்தது. புறங்கையைத் தாரில் வைத்துச் சற்று நேரம் பொறுக்க முடியாவிட்டால் அதில் நாயை நடக்க விடக்கூடாது. எங்களுக்குச் செருப்பு இருக்கிறது, அதுவும் எல்லாருக்கும் இல்லை, பலர் நேர்த்திக்காக வெறுங்கால்.

கங்கைப் பாலம் தாண்டி ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில் வாளி நிறையத் தண்ணீரும் தேசிக்காய்க் கரைசலும் வைத்திருந்தார்கள். வருடா வருடம் வைப்பார்களாம். கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கே முஸ்லிம்களும் போவது பழைய வழக்கம். வீட்டுக்கார ராத்தா எங்களுக்கு ஊற்றித் தந்த பிறகு நாயைப் பார்த்தார். "பொறுங்க தங்கச்சி" என்று உள்ளே போய், உடைந்த சட்டி ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து வேலியோரம் எட்ட வைத்தார். நாயைத் தொடுவதில் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் தாகத்தில் தவித்த நாய்க்குக் காலணியால் கிணற்று நீர் மொண்டு கொடுத்த ஒரு பெண்ணின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழியும் உண்டு. "அது எங்களுக்கு ஓதித் தந்ததுதான்" என்றார் ராத்தா.

நண்பகலில் மருத மரமொன்றின் கீழ் பாயை விரித்தோம். நாய் மல்லாந்து படுத்தது. அப்போதுதான் படகுப் பாதைக் கதை சொன்ன அம்மா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "பைரவரும் இல்ல ஒண்டும் இல்ல. இது பெட்டை. குட்டி போட்டு ரெண்டு கிழமையும் இருக்காது. மடியைப் பாருங்கோ, பால் கட்டிப்போய்க் கிடக்கு."

காலையிலிருந்து பத்தொன்பது பேரும் பார்த்த நாய்தான். ஐயா சம்மதிக்கவில்லை. தானாக வந்ததைத் தடுக்கக் கூடாது, முருகன் பார்த்துக் கொள்வான் என்றார். சிலர் அவர் பக்கம். நான் என் கருத்தைச் சொன்னேன். உகந்தைக்கு அப்பால் தேசியப் பூங்கா, அங்கே நாயைக் கொண்டு போக விடமாட்டார்கள், சிறுத்தை உள்ள காடு. கூட வந்த நாய்கள் எங்கோ ஓர் ஊரில் வழி தெரியாமல் நின்றுவிட, அந்த ஊர் நாய்கள் கடித்துக் குதறும். இடம் மாறிப் பயந்த நாய் மனிதரையும் கடிக்கும். (கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் மிளகாயும் அப்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.)

என் பேச்சு எடுபடவில்லை. எடுபட்டது சம்பூர்ப் பெண் ஒருவர் பேசியதுதான். அதுவரை அதிகம் கதைக்காதவர். 2006இல் ஷெல் விழ ஓடியபோது தன் வீட்டுப் பெட்டை நாயை அவிழ்த்து விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அது கூடவே ஓடி வந்ததாம், பிறகு நின்றதாம், பிறகு குட்டிகள் கிடந்த கொட்டில் பக்கம் திரும்பிப் போனதாம். கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஒன்பது வருடத்துக்கு மேல் கழித்துவிட்டுத் திரும்பிப் போனபோது வீடு இருந்த அடையாளமே இல்லை, கிணறு மட்டும் இருந்தது என்றார். "அதுக்கு அண்டைக்குத் தெரிஞ்சது, எங்க நிக்கோணும் எண்டு. இதுக்குப் பிஸ்கட்டக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தது நாங்கதானே."

ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப என்ன செய்யிற எண்டு சொல்லுங்கோ" என்றார்.

நடந்து திரும்ப நேரமில்லை. நாயும் தனியே போகாது, விரட்டினால் நாலடி தள்ளிப் படுத்துக் கொள்ளும். இறால்குழிக்குக் கிட்ட, ஊர் ஊராக மீன் விற்றுவிட்டு உப்பாற்றுப் பக்கம் திரும்பிக் கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் வியாபாரி ஒருவரை மறித்தோம். பார்த்தவுடனேயே அவருக்கு அடையாளம் தெரிந்தது. "இது எங்கட வாடி நாயெல்லா. வலைக் குவியலுக்குள்ள அஞ்சு குட்டி கிடக்கு. காலையில இருந்து கத்துதுகள்." அதை எப்படி ஏற்றுவது என்று நாங்கள் யோசிக்க, அவர் வெறும் மீன் பெட்டியின் மூடியைத் திறந்து சாக்கொன்றை உள்ளே போட்டார். பெட்டி பழுதாகிவிடாதா என்று கேட்டேன். "ஏழு தரம் கழுவிக்கொள்றன். குட்டி செத்தா என்ன செய்ற?"

மீன் வாசனைக்கு நாய் மறுப்பேதும் சொல்லவில்லை. சம்பூர்ப் பெண்தான் தூக்கி உள்ளே விட்டார். மடியில் கை பட்டபோது அது மெல்ல முனகியது. தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, மடிந்த காது காற்றில் அடிக்க, வந்த வழியே போனது. ஐயா கும்பிட்டார்.

மூதூரை அடையும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி பிடிபட்டது இந்தக் கொட்டியாரத்தில்தான். அவர் இருந்ததாகச் சொல்லும் மரத்தடி நினைவுக் கல்லைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. கால் விடவில்லை. கோயில் மடத்தில் பெண்கள் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்து நல்லெண்ணெய் தடவினார்கள். மறுநாள் அவர்கள் கிளிவெட்டிக்கும், பிறகு வெருகல் சித்திரவேலாயுதரிடமும் போக வேண்டும். நான் காலையில் பஸ் ஏறினேன். உப்பாற்றுப் பாலத்தில் யன்னலால் எட்டிப் பார்த்தேன். வாடிகள் தெரிந்தன, வலைகள் காய்ந்து கொண்டிருந்தன.