வடிக்காத மக்ரோனி

மாலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஆறு மணிக்கெல்லாம் சாப்பாடு தட்டுக்கு வந்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் வாரநாள் கணக்கு இதுதான். அந்த அரை மணிக்குள் மாட்டிறைச்சி, மக்ரோனி, தக்காளி, சீஸ் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சமைத்து இறக்குவதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கொலம்பஸ் நகரின் புறநகரில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு செவிலியர் இருக்கிறார். காலை ஏழு மணிப் பணி முடித்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறவர். கேட்டதும், “செவ்வாய்க்கிழமை வாருங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுதான்” என்றார்.

நான் போனபோது பாத்திரம் ஏற்கெனவே அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. எனாமல் பூசிய கனமான இரும்புப் பாத்திரம். ஐந்து லிட்டர் பிடிக்கும், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய எடை. வெறும் இரும்பாக இருந்தால் தக்காளியின் புளிப்பு அதில் வேலை செய்து சாப்பாட்டில் இரும்பு வாடை ஏற்றிவிடும் என்பதால் எனாமல். கனம் எதற்கென்றால், குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் சூடு இறங்காமல் இருக்கத்தான்.

இறைச்சி கடையில் வாங்கியபடியே தட்டில் இருந்தது. அரைத்த மாட்டிறைச்சி, ஒரு பவுண்டு, அதாவது 450 கிராமுக்குக் கொஞ்சம் கூட. மேலே ஒட்டிய சீட்டில் 85, 15 என்று இரண்டு எண்கள். நூற்றில் 85 பங்கு கொழுப்பில்லாத சதை, 15 பங்கு கொழுப்பு. இந்த நாட்டு விதிப்படி அரைத்த மாட்டிறைச்சியில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது. 93 சதை உள்ளதும் கிடைக்கிறது. இந்தச் சமையலுக்கு அது வறண்டு உதிரியாகப் போய்விடும் என்று அவர் வாங்குவதில்லை. அரை மணிச் சமையல் சாத்தியமாவதற்கு முதல் காரணமே இந்த அரைத்த இறைச்சிதான். துண்டு போட்ட மாட்டுக்கறி மெத்தென்று ஆக ஒரு மணியோ இரண்டு மணியோ சிறுதீயில் கிடக்க வேண்டும்; தசைநார்களைக் கட்டிவைத்திருக்கும் இணைப்புத் திசு கரைய அவ்வளவு நேரம் பிடிக்கும். இங்கே அந்தக் கட்டை இயந்திரம் முன்னமே அறுத்துவிட்டது.

பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இறைச்சியை அப்படியே கட்டியாகக் கவிழ்த்து, கரண்டியின் பின்புறத்தால் அமுக்கிப் பரப்பினார். பிறகு கையை எடுத்துவிட்டார். கிளறவில்லை, உடைக்கவில்லை. நாலு நிமிடம் அப்படியே விட்டார்.

இந்த நாலு நிமிடத்தைத்தான் இந்தச் சமையலின் உயிர் என்பேன். அரைத்த இறைச்சி போட்டதுமே கரண்டியால் குத்திக் கிளறுவது எல்லோர் கைக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் உள்ளிருக்கும் நீர் முழுக்க ஒரே நேரத்தில் வெளியே வந்து, இறைச்சி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் இருக்கிற வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது. இறைச்சி சிவக்க, வறுத்த மணம் வர, 140 டிகிரியாவது வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. முதலில் தண்ணீர் கொதிக்கும் சளசளப்பு. பிறகு அது அடங்கி, கொழுப்பு பொரியும் மெல்லிய சடசடப்பு. சத்தம் மாறியதும் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் முழுவதும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பொருக்கு கட்டியிருந்தது. பாத்திரத்தின் அடியிலும் அதே நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. இப்போதுதான் திருப்பிப் போட்டு, மரக்கரண்டியால் உடைத்தார். பட்டாணி அளவுக்கு உடைந்ததும் நிறுத்திக்கொண்டார். பொடிப்பொடியாக ஆக்கினால் சாப்பிடும்போது இறைச்சி இருப்பதே நாக்குக்குத் தெரியாதாம்.

சிவப்பு எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். அடுத்து கொதிக்கப்போகும் கொதிக்கு அது ஒன்றுமில்லை என்றார், ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றும் சொன்னார். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளியே சுட்டாலே போதும். அரைக்கும்போது மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் அரைத்த மாட்டிறைச்சியை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை. மக்ரோனி வேகும் பத்துப் பன்னிரண்டு நிமிடக் கொதியில் அதைத் தாண்டியே போய்விடும்.

உருகிய கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவிட்டு, மீதியைக் கரண்டியால் மொண்டு ஒரு காலி டின்னில் ஊற்றினார். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெங்காயமும் பச்சைக் குடைமிளகாயும் பத்து வயது மகன் நறுக்கி வைத்திருந்தான், ஒரு சீராக இல்லாமல். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வதங்கியதும் பூண்டு, காய்ந்த ஆரிகனோ, ஹங்கேரிய பாப்ரிகா ஒரு தேக்கரண்டி.

அடுத்தது தக்காளி விழுது, இரண்டு மேசைக்கரண்டி. இதையும் அவசரப்பட்டுக் கரைக்கவில்லை. நடுவில் இடம் ஒதுக்கி, நேராகப் பாத்திரத்தின் அடியில் படும்படி போட்டு, பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும் வரை வதக்கினார். பச்சை வாசனை போனது மூக்குக்கே தெரிந்தது. பிறகு ஊஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. இங்கிலாந்தில் பிறந்த அந்தப் பாட்டிலைத் திருப்பி அதன் பொருள் பட்டியலைப் படித்தேன்: வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன், வெங்காயம், பூண்டு, புளி. ஆம், நம் புளிதான். மாட்டிறைச்சியின் கனத்த சுவைக்கு நடுவில் ஒரு கூர்மை வேண்டும் என்று இந்த ஊர்ச் சமையற்காரர்கள் அதை ஊற்றும்போது, அந்தக் கூர்மையில் ஒரு பங்கு புளியினுடையது என்று அறிந்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

இனிமேல்தான் தண்ணீர்க் கணக்கு. அரை பெட்டி மக்ரோனி, 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். அதற்கு மாட்டெலும்புச் சாறு இரண்டரைக் கப், சுமார் 600 மில்லி. கூடவே ஒரு சிறு டின் நறுக்கிய தக்காளி, அதன் சாற்றோடு. முதலில் சாற்றில் ஒரு கையளவு மட்டும் ஊற்றி, அடியில் ஒட்டியிருந்த பொருக்கையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டினார். அந்த நாலு நிமிடத்தில் சேர்ந்ததெல்லாம் கரைந்து சாறு கறுத்தது. மீதியை ஊற்றிக் கொதித்ததும் மக்ரோனியைக் காய்ந்தபடியே கொட்டினார்.

பாஸ்தா பெட்டியின் மேல் வேறு மாதிரி அச்சிட்டிருக்கும்: ஒரு பவுண்டுக்கு நாலு லிட்டரும் அதற்கு மேலும் தண்ணீர் கொதிக்கவிட்டு, வெந்ததும் வடித்துவிடு என்று. உணவின் அறிவியலை எழுதிவரும் ஹரால்ட் மெக்கீ 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்று தன் வீட்டுச் சோதனைகளோடு எழுதினார். 2013-இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகை பாஸ்தா, தக்காளி, வெங்காயம், துளசி வகை எல்லாவற்றையும் ஒரே வாணலியில் பச்சையாகப் போட்டு வேகவைக்கும் குறிப்பை வெளியிட்டது. அது வீடு வீடாகப் பரவியது. வடித்த சோற்றுக்கும் தக்காளி சாதத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இது. வடிக்கும்போது மாவுச்சத்து தண்ணீரோடு போகிறது. அளந்து வைக்கும்போது அது பாத்திரத்துக்குள்ளேயே நின்று, சாற்றைக் கெட்டியாக்கிக் குழம்பாக மாற்றுகிறது. தனியாக மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை, பாலாடை வேண்டியதில்லை.

இதற்கு விலையும் உண்டு. உப்பு எதுவும் வெளியே போவதில்லை, சாறோ சுண்டிக்கொண்டே வருகிறது. ஆகவே உப்புக் குறைந்த எலும்புச் சாறுதான் வாங்க வேண்டும். ருசி பார்த்து உப்புச் சேர்ப்பது கடைசியில்தான். இன்னொன்று, மக்ரோனி போட்ட முதல் இரண்டு மூன்று நிமிடம் அதன் மேல்புற மாவு இளகிப் பசையாகிறது. அப்போது அடிவரைக்கும் கிளறாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, அடியிலும் பிடித்துக்கொள்ளும். இவர் நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினார். பிறகு தீயைத் தணித்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்து, அவ்வப்போது மட்டும். பெட்டியில் ஏழு எட்டு நிமிடம் என்று போட்டிருந்தது. இங்கே பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. நீர் குறைவு, தீயும் குறைவு.

அந்த இடைவெளியில் கதை கேட்டேன். அவர் சிறுமியாக இருந்தபோது அம்மா இதையே பெட்டியில் வாங்கித்தான் செய்வாராம். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1971-இல் நாடு முழுக்க விற்கத் தொடங்கிய ஹாம்பர்கர் ஹெல்பர்: பெட்டிக்குள் காய்ந்த பாஸ்தாவும் ஒரு பொட்டலம் மசாலாத் தூளும் இருக்கும்; ஒரு பவுண்டு இறைச்சியும் ஒரு வாணலியும் வீட்டில் இருந்தால் போதும். இறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1973-இல் விலைக்கு எதிராக இல்லத்தரசிகள் ஒரு வாரம் இறைச்சியே வாங்காமல் போராடினார்கள். அதிபர் நிக்சன் இறைச்சி விலைக்கு உச்சவரம்பு வைத்தார். ஒரு பவுண்டு இறைச்சியில் ஐந்து பேர் வயிறு நிறைய வேண்டும் என்ற தேவைதான் இந்தச் சாப்பாட்டை இவ்வளவு வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் பெட்டிக்கு முன்னாலேயே இது இருந்தது. நடு அமெரிக்காவில் இதை கூலாஷ் என்பார்கள், வடகிழக்கில் அமெரிக்கன் சாப்சூயி. கொலம்பஸில் இதன் அண்ணன்முறை ஒன்று உண்டு, ஜானி மார்செட்டி: இதே பொருள்களை மேலே சீஸ் தூவி ஓவனில் சுடுவது. 1896-இல் இத்தாலியிலிருந்து வந்த தெரசா மார்செட்டி இதே ஊரில் நடத்திய உணவகத்தோடு சேர்த்து அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். இந்த ஊர்ப் பள்ளி மதிய உணவில் அதைச் சாப்பிடாத தலைமுறை இல்லை என்பது அவர் பேச்சு.

இவ்வளவு எளிய பொருள்களை இத்தனை கவனத்தோடு சமைப்பவர்களை நான் மதிக்கிறேன். விருந்துச் சமையலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. களைத்து வீடு திரும்பிய ஒருவர், பசித்த பிள்ளைகளுக்கு முன்னால், அரை மணி நேரத்தில் ருசியைக் காப்பாற்றிச் சமைப்பது அதைவிடக் கடினமான கலை.

மக்ரோனி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கக் கொடுத்தார். நடுவில் இன்னும் ஒரு நூலளவு உறுதி இருந்தது. அந்த நிலையிலேயே அடுப்பை அணைத்தார். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் தெரிந்து, குழம்பு மெதுவாக வந்து மூடியது. இறக்கும்போது சற்றுத் தளர்வாக இருப்பதுதான் சரி. சின்னவள் துருவி வைத்திருந்த செடார் சீஸ் ஒரு கப் இப்போது விழுந்தது. துருவியே விற்கும் சீஸ் வாங்குவதில்லை. ஒட்டாமல் இருக்க அதில் மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பதால் வழவழவென்று உருகாது. தீ எரியும்போது போட்டாலும் சீஸ் திரிந்து எண்ணெய் கக்கும். மூடி போட்டு ஐந்து நிமிடம். தட்டுகளை எடுத்து வைக்கும் நேரம் அது.

சாப்பிட்டேன். இறைச்சியின் வறுத்த கசப்பு லேசாக, மேலே தக்காளி, அதற்குப் பின்னால் பாப்ரிகாவின் இனிப்பு. காரம் கிடையாது, மேசையில் மிளகாய் சாஸ் பாட்டில் இருந்தது, இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். ஆறே காலுக்குப் பிள்ளைகள் கால்பந்துப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மிச்சத்தை ஆழமில்லாத டப்பாவில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. உள்ளே மூன்று நாலு நாள் தாங்கும். மறுநாள் பார்த்தால் மக்ரோனி குழம்பை முழுக்க உறிஞ்சிக் கட்டியாகியிருக்கும். சூடாக்கும்போது கால் கப் எலும்புச் சாறோ பாலோ ஊற்றி, சிறுதீயில் கிளறினால் இளகிக் கொடுக்கும் என்றார்.